அப்பாவுக்கு யானைக்கால்: ராத்திரி ரத்த டெஸ்ட்லருந்து டப்புல கால் கழுவுற வரைக்கும்

எங்க வீடு சேலம் அம்மாப்பேட்டைல. அப்பா குழித்தறில பட்டு நெய்யுறவரு, காலைல குழிக்குள்ள கால தொங்கப்போட்டு ஒக்காந்தா சோத்துக்குத்தான் எந்திரிப்பாரு. இடது கால் வீக்கம் பல வருஷமா உண்டு, மொதல்ல ராத்திரி படுத்தா வடிஞ்சிரும், அப்புறம் வடியறதே நின்னுபோச்சு, அதோட குளிர் காய்ச்சல் வேற, தொடை இடுக்குல நெறி கட்டிக்கும், கால் செவசெவன்னு கொதிக்கும். ஒரு கிளினிக்ல ஒவ்வொரு தடவையும் ஊசியப் போட்டு அனுப்பிருவாங்க, யானைக்கால்ங்கற பேச்சே எடுக்கல.

ஜிஹெச்சுக்கு கூட்டிட்டு போனப்பதான் வெவரம் புரிஞ்சுது. ரத்தம் பகல்ல எடுக்கல, ராத்திரி 10 மணிக்கு மேல விரல்ல குத்தி கண்ணாடி ஸ்லைடுல தேச்சாங்க. யானைக்கால் வரவைக்கிற புழுவோட குட்டியெல்லாம் பகல்ல நுரையீரல் ரத்தக்குழாய்ல பதுங்கிக்கிட்டு ராத்திரிதான் வெளிய வருமாம், இத பரப்புற க்யூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரமும் அதான். எங்க தெரு சாக்கடைக்கு அந்தக் கொசுவுக்கு என்ன கொறைச்சல்!

ரிசல்ட் நெகட்டிவ். அப்பாவுக்கு ஒரே குஷி, எனக்கு கொழப்பம். கேட்டா, கால் இப்படி வீங்குன கட்டத்துல நெறைய பேருக்கு ரத்தத்துல புழு தெரியாதாம், பெரிய புழு கால்ல தேங்குற நீர வடிக்கிற நிணநீர்க் குழாய்ல வருஷக்கணக்கா கெடந்து அத நாசம் பண்ணிரும், அது செத்தாலும் குழாய் பழையபடி ஆகாதுன்னாங்க. புழுவக் கொல்ற டிஇசி மாத்திரை 12 நாளைக்கு எழுதிக் குடுத்தாங்க, சாப்பிட்டு முடிச்சாரு, கால் சைஸ் அப்படியேதான் இருந்துச்சு.

அப்புறம் ஒரு நர்ஸம்மா அப்பாவோட கால் விரலப் பிரிச்சு காட்டுனாங்க பாருங்க, சுண்டு விரல் இடுக்குல வெள்ளையா ஊறிப்போய் சேத்துப்புண். அது வழியா கிருமி உள்ள பூந்துதான் அந்த குளிர் காய்ச்சலே வருதாம், ஒவ்வொரு காய்ச்சலுக்கும் வீக்கம் இன்னும் கூடுமாம். டப்பு, மக்கு, சோப்பு, துண்டு, ஆயின்மென்ட்டுனு ஒரு செட்டே குடுத்து அங்கயே கழுவ வச்சாங்க. பச்சத்தண்ணி போதும், சோப்ப கைல நொரையாக்கி தொடைலருந்து கீழ வரைக்கும், மடிப்பு, விரல் இடுக்கு எல்லாம் மெதுவா, பிரஷ் கிஷ் போட்டு தேய்க்கவே கூடாது, அப்புறம் துண்டால ஒத்தி எடுக்கணும். விரல் இடுக்கத் தொடைக்கிறதுலதான் அப்பா எப்பவும் ஏமாத்துவாரு, நான் சுருட்டுன துணிய உள்ள விட்டு ஈரம் ஒட்டுதான்னு பாப்பேன், திட்டுவாரு.

ராத்திரி கட்டில் கால்மாட்டுல செங்கல். தறிக்குழில ஈரம் தங்காம பலகை. வெளிய போனா எம்சிஆர்னு மெத்துனு இருக்குற ரப்பர் செருப்பு. கணுக்கால மேல கீழ ஆட்டற எக்சர்சைஸ் மட்டும் காய்ச்சல் நேரத்துல கூடாது, அப்ப ஈரத்துணி போட்டு படுக்க வச்சுட்டு டாக்டர்கிட்ட போயிரணும்.

இப்ப காய்ச்சல் வர்றது ரொம்ப கொறைஞ்சிருச்சு, வீக்கமும் கொஞ்சம் எளகியிருக்கு. மாசம் 1000 ரூபா அரசு உதவித்தொகைக்கும் கேட்டுப் பாத்தேன், அது வீக்கம் ரொம்ப முத்துன நாலாவது கிரேடுக்காரங்களுக்குத்தானாம், அப்பாவுது அந்த அளவுக்கு போகல. வீட்ல எங்களுக்கும் ராத்திரி ரத்தம் எடுத்தாச்சு, யாருக்கும் இல்ல.