ஓய்வில் வைக்கப்பட்ட கிராபிக்ஸ் கார்டு

கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு இந்தப் பக்கம் சித்தூர், பாலக்காடு வரையிலும் அந்தப் பக்கம் பொள்ளாச்சி வரையிலும் கல்யாண வீடியோ எடுத்துக் கொடுப்பது என் தொழில். ஒரே வாரத்தில் கூறைப்புடவையும் வரும், கசவுச் சேலையும் வரும். அடர்ந்த சிவப்புப் பட்டில் ஜரிகை ஓரம் கசங்கித் தெரியக் கூடாது. வெயிலில் நிற்கும் வெள்ளை வேட்டி வெறும் வெள்ளைக் காகிதமாக வெளிறிவிடக் கூடாது. இந்த இரண்டு காரணங்களுக்காகத்தான் சென்ற ஆண்டு 10 பிட் (8 பிட்டைவிட நுணுக்கமான நிறப் படிகள்) 4:2:2 முறையில், எச்.265 என்ற சுருக்க வடிவத்தில் பதிவு செய்யும் கேமராவுக்கு மாறினேன். வழக்கமான 4:2:0 பதிவில் நான்கு புள்ளிகள் கொண்ட ஒரு சிறு சதுரத்துக்கு நிறத் தகவல் ஒன்றுதான். 4:2:2 முறையில் அது இரண்டாகிறது. சிவப்பின் ஓரம் தெளிவாக நிற்பதற்கு அதுவே காரணம். அந்தத் தெளிவுக்கு என் மடிக்கணினி என்ன விலை கொடுக்கப்போகிறது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

மடிக்கணினியில் இரண்டு கிராபிக்ஸ் பகுதிகள் உண்டு. ஒன்று 11ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸருக்குள்ளேயே இருப்பது; மற்றொன்று 4 ஜிபி நினைவகம் கொண்ட என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050 கார்டு. கடையில் வாங்கும்போது எல்லோரும் பேசுவது இரண்டாவதைப் பற்றி மட்டுமே. நானும் அதற்காகத்தான் கூடுதலாகப் பணம் கொடுத்தேன்.

முதல் தொல்லை திரை இருண்டுபோவதில் தொடங்கியது. எடிட் செய்துகொண்டிருக்கும்போதே ஒரு விநாடி கறுத்து, பிறகு திரும்பி வரும். கிராபிக்ஸ் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், இரண்டு விநாடிகளுக்கு மேல் பதில் சொல்லாமல் இருந்தால் விண்டோஸே அதை நிறுத்தி மீண்டும் தொடங்கிவிடும். நான் கண்டது அதைத்தான். வேண்டிய நேரத்தில் பழைய டிரைவரை முழுவதும் நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவியிருந்தால் போதும். ஆனால் கல்யாண சீசன் நெருக்கடியில், பாலக்காட்டில் பழுது பார்க்கும் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே டிரைவரை மாற்றினார்கள். அதோடு, பெரிய கார்டு இருக்கும்போது சின்னது எதற்கு என்று சொல்லி, கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் இன்டெல் கிராபிக்ஸை முழுவதுமாக அணைத்தும் வைத்தார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

திரை இருள்வது நின்றது. ஆனால் எடிட்டிங் மென்பொருளில் காட்சிகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் முகூர்த்தக் காட்சியை ஓடவிட்டால் கெட்டிமேளம் ஒரு பக்கம் ஒலிக்க, மாப்பிள்ளையின் கை தாலியைப் பிடித்தபடி உறைந்து நிற்கும். அடுத்து அசையும்போது மூன்றாவது முடிச்சே விழுந்திருக்கும். இதற்கிடையில் பெண்ணின் அப்பா, “என்னங்க தம்பி, வீடியோ இன்னும் ஆகலீங்களா?” என்று இரண்டு நாளைக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தார்.

காரணத்தைப் பிடிக்க உதவியது ஒரு பழைய கிளிப். முந்தைய கேமராவில் எடுத்த 8 பிட் 4:2:0 காட்சி ஒன்றைப் போட்டுப் பார்த்தால் அது தங்குதடையின்றி ஓடியது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டையும் மாறிமாறி ஓடவிட்டேன். பழைய கிளிப் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டின் பக்கத்தில் ‘வீடியோ டீகோட்’ என்ற கட்டத்தில் கோடு ஏறியது. புதிய கிளிப் ஓடும்போது அதே கட்டத்தில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. பிராசஸர் மட்டும் 100 சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தது. சுருக்கிப் பதிவான காட்சியை விரித்துக் கொடுக்கும் வேலையை அந்த விலையுயர்ந்த கார்டு தொடவே இல்லை.

தொடவும் முடியாது. 4:2:2 காட்சிகளை வன்பொருளிலேயே விரிக்கும் வசதி என்விடியா கார்டுகளில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்ந்தது; என்னுடைய 3050 அதற்கு முந்தைய 30 வரிசை. இன்டெல்லிலோ, எச்.265 பதிவுகளுக்கான அந்த வசதி 11ஆம் தலைமுறையிலேயே இருக்கிறது. அதாவது என் மடிக்கணினிக்குள் இந்த வேலை தெரிந்த ஒரே ஆளை நாங்கள்தான் கட்டாய ஓய்வில் அனுப்பியிருந்தோம். நிறம் திருத்துவது, அளவு மாற்றுவது, எஃபெக்ட் சேர்ப்பது எல்லாம் பெரிய கார்டின் வேலை; கிளிப்பை விரித்து அதன் கையில் கொடுப்பது சின்னதின் வேலை.

பயாஸில் இரண்டும் சேர்ந்து இயங்கும் நிலைக்குத் திரும்பினேன். இன்டெல் டிரைவரையும் புதுப்பித்தேன். பிரீமியர் ப்ரோவின் பிரிஃபரன்சஸில் மீடியா என்ற பகுதியில், வன்பொருள் டீகோடிங்குக்குக் கீழே இன்டெல், என்விடியா இரண்டையும் தேர்வு செய்து மென்பொருளை மூடித் திறந்தேன். விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், எடிட்டிங் மென்பொருளுக்கு ‘ஹை பர்ஃபார்மன்ஸ்’ என்று குறித்தும் வைத்தேன். பெரிய கார்டைப் பயன்படுத்த அது போதும், சின்னதை அணைக்கத் தேவையில்லை. மூன்று முடிச்சும் கண்ணெதிரே ஒழுங்காக விழுந்தன.

எச்.265க்குப் பதிலாகப் பழைய எச்.264 வடிவத்தில் 10 பிட் 4:2:2 பதிவு செய்பவர்களுக்கு இந்த வழி உதவாது. அதை என்னுடையது போன்ற 11ஆம் தலைமுறை இன்டெல்லும் விரிக்காது. அவர்கள் பிராக்சி, அதாவது எடிட் செய்வதற்கு மட்டும் எளிதில் ஓடும் சிறிய நகல், செய்துகொள்வதே நல்லது. இரண்டு கேமராக் காட்சிகளை ஒன்றாக ஓட்டும்போது நானும் அதைத்தான் செய்கிறேன்.

தீராமல் இருப்பது இரவு ரிசப்ஷன் காட்சிகள். 4கே பிரேம் ஒன்றில் 82,94,400 புள்ளிகள். மென்பொருள் புள்ளிக்கு நான்கு மதிப்புகளாக, ஒவ்வொன்றையும் 32 பிட் துல்லியத்தில் கையாளும்போது ஒரு பிரேமுக்கே ஏறத்தாழ 133 எம்பி வேண்டும். 4 ஜிபி நினைவகம் முழுவதும் காலியாக இருந்தாலும் சுமார் முப்பத்திரண்டு பிரேமுக்கு மேல் அடங்காது. இருட்டில் எடுத்த படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலை நீக்கும் எஃபெக்டோ ஒவ்வொரு பிரேமுக்கும் முன்னும் பின்னும் உள்ளவற்றையும் எடுத்து வைத்துப் பார்க்கிறது. ஆகவே அந்தக் காட்சிகளை மட்டும் 4கேயைவிடச் சிறிய 1080 அளவு டைம்லைனில் தனியாகத் திருத்தி ரெண்டர் செய்துவிட்டு (முடிந்த வீடியோ கோப்பாக மாற்றிவிட்டு), பிறகு கொண்டுவந்து சேர்க்கிறேன். பங்குனி, சித்திரை வெயிலில் மதியத்தில் ரெண்டர் போட்டால் சூடு தாங்காமல் கார்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் மடிக்கணினியின் பின்புறத்தைச் சற்று உயர்த்தி வைத்து, சார்ஜரைச் செருகி, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான் ரெண்டர் போடுகிறேன்.