மீட் ஏரியில் ஓரடி இறங்கினால்

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றைத் தடுத்து மீட் ஏரியை உண்டாக்கிய ஹூவர் அணையில் எந்தப் பேச்சும் ஏரியின் நீர்மட்டத்தில்தான் தொடங்கும். கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை அடி என்பதுதான் கணக்கு. ஏரி நிரம்பினால் 1,229. ஆண்டுத் தொடக்கத்தில் 1,075-க்குக் கீழே இருக்கும் என்று கணிப்பு வந்தால் பற்றாக்குறை அறிவிப்பு; 2021 ஆகஸ்டில் அது முதன்முறையாக வந்தது. 895-க்குக் கீழே போனால் அணையைத் தாண்டிச் சொட்டுத் தண்ணீர் இறங்காது.

மின்சாரத்துக்காக இங்கே தண்ணீர் திறப்பதில்லை. அரிசோனா, கலிபோர்னியா, மெக்சிகோ கேட்கிற தண்ணீர்தான் இறங்குகிறது. எந்த நேரத்தில் எவ்வளவு விடுவது என்பதை மட்டும் மின்தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். 17 பெரிய டர்பைன்கள், முழுத் திறன் சுமார் 2,080 மெகாவாட். மட்டம் ஓரடி குறைந்தால் ஏறக்குறைய 6 மெகாவாட் போய்விடும். அதைவிடத் தொல்லை அதிர்வு. அழுத்தம் குறையும்போது ரன்னர் எனும் டர்பைனின் சுழல்சக்கரத்தின் இலைகளை ஒட்டி நீராவிக் குமிழிகள் உண்டாகி உடைகின்றன. உடைகிற இடத்தில் உலோகம் குழி குழியாக அரிபடும். முன்பு 1,050 அடிக்குக் கீழே ஓட்டவே முடியாது என்றிருந்தது. ஐந்து டர்பைன்களில் தாழ்ந்த மட்டத்துக்கும் ஈடுகொடுக்கும் ரன்னர்களைப் பொருத்தியதால், அவற்றை 950 வரை ஓட்டலாம்.

லாஸ் வேகஸ் பகுதியின் தண்ணீரில் சுமார் 90 சதவீதம் இந்த ஏரியிலிருந்துதான். 1,050 அடியில் இருந்த முதல் நீரெடுப்பு வாய் 2022-இல் வெளியே தெரிந்துவிட்டது. அந்த ஜூலையில் மட்டம் 1,040 வரை இறங்கியது. ஆனால் ஏரிக்கு அடியில் சுரங்கம் குடைந்து, 2015-இல் முடித்த மூன்றாவது வாய் 860 அடியில் இருக்கிறது. அணையே தண்ணீர் விட முடியாத நிலையிலும் நகரம் எடுத்துக்கொள்ளலாம். வறட்சி முற்றும் முன்பே அதைத் தொடங்கியதுதான் இந்த ஏரியில் எடுத்த மிக நல்ல முடிவு என்பேன்.

படகுத்துறைக்காரர்களின் பாடு வேறு. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் ஓரடி இறங்கினால் நீர்விளிம்பு பத்தடி விலகும். மிதவைத் துறையின் நங்கூரக் கம்பிகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். கான்கிரீட் சாய்தளம் முடிகிற இடத்தைத் தாண்டி டிரெய்லரை இறக்கினால் சக்கரம் சேற்றில் புதையும், அச்சு முறியும்.

2007-இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட குவாகா சிப்பி எல்லாருக்கும் பொது எதிரி. அதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது. குளிர்விக்கும் குழாயிலும் வடிகட்டியிலும் ஒட்டி வளர்ந்து அடைத்துவிடும். படகைக் கரையேற்றியதும் அடித்தக்கையைக் கழற்றித் தண்ணீரை வடியுங்கள். எஞ்சினையும் மீன்தொட்டியையும் காலி செய்யுங்கள். படகின் உடலை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே வேறு ஏரியில் இறக்குங்கள்.