வெள்ளிக்கிழமைக்காரன்

17 பிப்ரவரி 2023, வெள்ளி, பேட்டன் ரூஜ்

கல்லூரி பேஸ்பால் சீசன் இன்று ஆரம்பம். வார இறுதிக்கு மூன்று ஆட்டம். அணியின் பிட்சர்களில், அதாவது பந்து வீசுகிறவர்களில், யார் உசத்தியோ அவனுக்குத்தான் வெள்ளிக்கிழமை ஆட்டம். எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அதை பால் ஸ்கீன்ஸுக்குக் கொடுத்திருக்கிறது. ஏர்ஃபோர்ஸ் அகாடமியில் இரண்டு வருஷம் பிட்சராகவும், பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கிற கேட்சராகவும் ஆடிவிட்டு வந்தவன். ஆறரை அடி உயரம்.

நான் பார்த்ததென்னவோ பாதி நேரம் ஸ்கௌட்டுகளைத்தான், தொழில்முறை அணிகளுக்கு ஆள் தேடுகிறவர்களை. பேட்டர் நிற்கிற ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கீன்ஸ் வீசக் காலைத் தூக்கியதும் வேகம் அளக்கும் ரேடார் கன்கள் மொத்தமாக எழும்பும், தீபாராதனைக்குக் கைகள் எழும்புகிற மாதிரி. பந்து கையுறைக்குள் விழுந்ததும் எல்லாத் தலையும் குனியும், எழுதும்.

என்னிடமும் ஒரு நோட்டு இருக்கிறது. ஸ்கௌட்டுகளின் மார்க் 20 முதல் 80 வரை. 50 என்றால் மேஜர் லீக், அதாவது உச்சத் தொழில்முறை லீக், சராசரி. நான் போட்டது: ஃபாஸ்ட்பால் 70, ஸ்லைடர் 65, கட்டுப்பாடு 55, சேஞ்ச்அப் (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) 45. சேஞ்ச்அப்பை அவன் அதிகம் போடவே இல்லை. போடாத பந்துக்கு எப்படி மார்க் போடுவது?

23 ஏப்ரல், ஞாயிறு

ஃபாஸ்ட்பாலை 65 ஆக்கினேன். "மணிக்கு நூறு மைல் போடுறவனுக்கு மார்க்கைக் குறைக்கிறீங்களா?" என்றாள் மனைவி.

வேகத்தில் குறையில்லை. நான் பார்த்தது பந்தின் போக்கை. பின்சுழற்சி நன்றாக இருந்தால், கண் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகத்தான் பந்து இறங்கும். மட்டை அதற்கு அடியில் காற்றை வெட்டிக்கொண்டு போகும். இவன் பந்து அப்படி மிதப்பதில்லை, வலக்கை பேட்டரை நோக்கி உள்ளே ஓடுகிறது. பிட்சருக்கும் பிளேட்டுக்கும் நடுவிலுள்ள 60 அடி 6 அங்குலத்தை அரை நொடிக்குள் தாண்டிவிடுகிறதே, கல்லூரிப் பையன்களுக்கு அதுவே போதும். சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் 98 மைலை அடிக்கடி பார்க்கிறார்கள். அதனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது ஸ்லைடர்தான். கையை விட்டுக் கிளம்பும்போது ஃபாஸ்ட்பால் மாதிரியே இருந்துவிட்டு, பிளேட் கிட்டே வந்ததும் பக்கவாட்டில் நழுவுகிறது.

22 ஜூன், வியாழன்

ஒமஹாவில் நடக்கும் கல்லூரி உலகத் தொடர், டிவியில். எதிரணி வேக் ஃபாரஸ்ட். அவர்கள் பக்கம் பிட்சர் ரெட் லௌடரும் ரன்னே விடவில்லை. 11-ஆவது இன்னிங்ஸில் எல்எஸ்யூவின் டாமி வைட் ஹோம் ரன், 2-0. தெருவே கத்தியது.

நான் வேறு கணக்கில் இருந்தேன். ஸ்கீன்ஸ் 8 இன்னிங்ஸ், 2 ஹிட், 9 ஸ்டிரைக்அவுட் (பேட்டர் பந்தை அடிக்காமலே அவுட்), பந்துகள் 120. சீசன் மொத்தம் 209 ஸ்டிரைக்அவுட். 1989-இல் பென் மெக்டொனால்ட் இதே எல்எஸ்யூவுக்காக எடுத்த 202 உடைந்தது. அந்த வருஷம் டிராஃப்டில், அதாவது மேஜர் லீக் அணிகள் முறை வைத்துப் புது ஆட்களை எடுப்பதில், முதல் ஆள் மெக்டொனால்ட். 1997-இல், முப்பது வயது நிறையுமுன், தோள்பட்டை அவரை உட்கார வைத்துவிட்டது. 2009-இன் முதல் ஆள், பிட்சர் ஸ்ட்ராஸ்பர்குக்கு மறுவருஷமே முழங்கை ஆபரேஷன். 2013-இன் முதல் ஆள் மார்க் ஆப்பல் மேஜர் லீக் மண்ணை மிதிக்க 2022 ஆயிற்று.

தோளுக்கும் முழங்கைக்கும் எந்த நோட்டில் மார்க் போடுவது!

9 ஜூலை, ஞாயிறு

டிராஃப்டில் பிட்ஸ்பர்க் அணி முதல் ஆளாக ஸ்கீன்ஸை எடுத்துவிட்டது. இரண்டாவது எல்எஸ்யூ பேட்டர் டிலன் க்ரூஸ், வாஷிங்டனுக்கு. ஒரே கல்லூரி அணியிலிருந்து முதல் இரண்டு பேரும் போவது இதுதான் முதல் தடவை.

ஒப்புக்கொள்கிறேன், என் நோட்டில் முதலில் இருந்தது க்ரூஸ். தினம் ஆடுகிறவன், கை உடைகிற பயம் குறைவு. கட்டுப்பாட்டு மார்க்கிலும் தப்பு செய்திருக்கிறேன். 122 இன்னிங்ஸுக்கு மேல் போட்டு 20 வாக் (குறி தப்பிய பந்துகளால் பேட்டருக்கு இலவச பேஸ்) மட்டுமே கொடுத்தவனுக்கு 55-ஆ? கஞ்சத்தனம். அடித்துவிட்டு 65 எழுதினேன்.

11 மே 2024, சனி

ஸ்கீன்ஸுக்கு மேஜர் லீக்கில் முதல் ஆட்டம், பிட்ஸ்பர்கில். நூறு மைலும் அதற்கு மேலும் 17 பந்து. 7 ஸ்டிரைக்அவுட். ஐந்தாவது இன்னிங்ஸில் யாரையும் அவுட்டாக்காமலே வெளியே வந்தான். பின்னால் வந்தவர்கள் வாக் வாக்காகக் கொடுத்து ரன்னை வாரி இறைத்தார்கள். ஆனாலும் 10-9 ஜெயம்.

நடுவில் ஒரு பந்து 94 மைலில் வந்து பேட்டரின் முழங்கால் கிட்டே மடிந்து இறங்கியது. ஃபாஸ்ட்பால் இல்லை, சேஞ்ச்அப் இல்லை. கீழே இறங்குகிற ஸ்பிளிட்டர், சிங்கர் என்ற இரண்டு வகைப் பந்தும் கலந்ததாம், ஸ்பிளிங்கர் என்கிறார்கள். சிங்கர் போடப் பழகும்போது கைக்குப் பிடிபட்டதாம்.

பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். சேஞ்ச்அப் 45-க்குக் கீழே கோடு போட்டு முடித்திருக்கிறேன். கோட்டுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது.