ஆர்கான் காட்டிக்கொடுத்த திருகு

அயனிகளை மின்புலத்தால் அந்தரத்தில் பிடித்துவைக்கும் அயனிப் பொறிக்கான வெற்றிடக் கலனை உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சுருக்கும் வேலையை எடுத்தபோது, ‘கலன் சின்னதானால் காற்றை இழுப்பதும் சுலபம்தானே’ என்று நினைத்தேன். தப்புக் கணக்கு. 10⁻¹¹ மில்லிபார் என்ற மிகத் தாழ்ந்த அழுத்தத்தில் தொல்லை கொடுப்பது சுவரிலிருந்து ஊறிக்கொண்டே இருக்கும் வாயு. கொள்ளளவு சுருங்கும் வேகத்தில் சுவர்ப்பரப்பு சுருங்காது. பம்புக்குப் போகும் குழாய் வேறு ஒடுங்கிவிடுகிறது.

அதனால் ஸ்டீலை விட்டு டைட்டானியத்துக்கு மாறினோம். அதில் ஹைட்ரஜன் ஊறுவது குறைவு. வாயுவை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் கெட்டர் பம்பைக் கலனுக்குள்ளேயே வைத்தோம். வாயுவை அயனியாக்கிப் பிடிக்கும் ஒரு குட்டி அயனி பம்ப் மட்டும் சற்றுத் தள்ளி. அதன் காந்தம் க்யூபிட்டுக்கு, அதாவது குவாண்டம் தகவலைத் தாங்கும் எங்கள் அயனிக்கு, பக்கத்தில் ஆகாது.

சுவரில் ஒட்டிய வாயுவை விரட்ட, கலனை 200 டிகிரியில் பத்து நாள் சுட்டோம். ஆறியதும், அதுவரை வெளியிலிருந்து காற்றை இழுத்த டர்போ பம்பின் வால்வை மூடினேன். அயனி பம்பை இன்னும் ஓடவிடவில்லை. அழுத்தம் மெல்ல ஏறியது. மிச்ச வாயுக்களை நிறை எண்படி பிரித்துக் காட்டும் ஆர்ஜிஏ கருவியின் திரையில் 18-இல் தண்ணீர் இல்லை, 28-இல் நைட்ரஜனும் பெயருக்குத்தான். ஆனால் 40-இல் ஒரு கோடு, குச்சி நட்டதுபோல. ஆர்கான்! காற்றில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தின்றுவிடும் கெட்டர், மந்த வாயுவைத் தொடாது. ஆக, எங்கிருந்தோ காற்று வருகிறது.

கசிவு இருந்தால் உள்ளே புகுந்து திரையில் தெரியும் என்று, இரண்டு நாள் ஒவ்வொரு இணைப்பிலும் வெளியே ஹீலியம் அடித்தேன். ஒன்றும் அசையவில்லை. உடன் வேலை செய்பவர் எட்டிப் பார்த்து, “பொறிச் சிப்பைப் பிடிக்கிற திருகுக்கு மூச்சுத்துளை இருக்கா?” என்றார்.

இல்லை. துளையிட்ட திருகுகள் மேஜை டிராயரிலேயே கிடந்தன. அவசரத்தில் சாதாரணத் திருகை முடுக்கியிருந்தேன். அடிமூடிய குழிக்குள், திருகின் நுனிக்குக் கீழே கடுகளவு காற்று. மரைகளின் இடுக்கு வழியாக அதுதான் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கசிவு உள்ளே இருக்கும்போது வெளியே ஹீலியம் அடித்து என்ன பயன்? பெரிய கலனில் பெரிய பம்ப் இதை மூடிமறைத்திருக்கும்.

பிரித்தோம். இணைப்புகளை அடைக்கும் செம்பு வளையங்கள் ஒரு தடவைக்குத்தான், எல்லாம் குப்பைக்கு. மறுபடி பத்து நாள். இந்த முறை 40-இல் கோடு படுத்துவிட்டது. அப்புறம் டர்போ பம்புக்குப் போகும் செம்புக் குழாயை நசுக்கி, கலனை நிரந்தரமாக மூடினோம்.

மூடிய கலனில் அளவுமானி கிடையாது. எங்களுக்கு அயனிகளே மானி: ஒளிரும் அயனிக்குப் பக்கத்தில் ஒளிராத ஐசோடோப்பு ஒன்றை நிறுத்தினால், வாயு மூலக்கூறு மோதும்போது சில தடவை இரண்டும் இடம் மாறும். நேற்று ஒரு மணி நேரம் கேமராவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மூன்றே முறைதான் மாறின.