நந்தலாலாவும் எங்கள் சித்தப்பாவும்

2010 நவம்பர் கடைசியில், தருமபுரியில் ஒரு திரையரங்கின் இரவுக் காட்சியில் மிஷ்கினின் ‘நந்தலாலா’ படத்தைப் பார்த்தபோது, என்னையும் சேர்த்து இருபது பேர்கூட இருக்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு அவர்களிலும் சிலர் திரும்பி வரவில்லை. அந்தப் படத்துக்கு உரிய இடத்தைத் தமிழ்நாடு இன்னும் கொடுக்கவில்லை என்ற வருத்தம் அன்றிலிருந்து எனக்கு உண்டு.

தாயைத் தேடி வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பும் ஒரு சிறுவனும், தன்னை மனநல விடுதியில் விட்டுச் சென்ற தாயைக் கண்டுபிடித்துக் கன்னத்தில் அறைவதற்காகவே அங்கிருந்து தப்பி வரும் பாஸ்கர் மணியும் ஒன்றாக நடப்பதுதான் கதை. மணியாக மிஷ்கினே நடித்தார். ஜப்பானிய இயக்குநர் தகேஷி கிடானோவின் ‘கிகுஜிரோ’வை (1999) ஒட்டி எடுத்த படம் என்ற பேச்சு இதன் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. அங்கே சிறுவனோடு போகிறவர் பொறுப்பற்ற ஒரு நடுவயதுக்காரர். இங்கே மணி மனம் பிறழ்ந்தவன். அந்த ஒரு மாற்றமே இதை வேறு கதையாக்கிவிட்டது என்பது என் எண்ணம்.

இடுப்பில் நிற்காத கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடியே மணி நடப்பதைப் பார்த்ததும், பென்னாகரம் பக்கத்து ஊரில் இருந்த எங்கள் சித்தப்பா நினைவுக்கு வந்தார். அவரும் அப்படித்தான், அவிழும் வேட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு, புளியமரச் சாலையில் மைல் கணக்காக நடப்பார். குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைத்துப் பார்த்தும் குணமாகாததால், முற்றிய நாட்களில் அவரை மாட்டுக்கொட்டகைத் தூணில் சங்கிலியால் கட்டி வைத்தார்கள். களியை உருட்டி அவர் வாயில் ஊட்டும்போது ஆயா ஒருநாளும் அழுததில்லை. எங்களைத்தான் அந்தப் பக்கம் வராதே என்று விரட்டுவார். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி 28 பேர் இறந்த செய்தியைத் தாளில் படித்த அன்று மாலையே, அப்பா யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போய் அந்தச் சங்கிலியைக் கழற்றினார். சங்கிலியிடுவதைத் தடை செய்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல்தான் வந்தது. சித்தப்பா அதற்கு வெகுகாலம் முன்பே இறந்துவிட்டார்.

இப்படிப்பட்டவர்களைத் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் சிரிக்க வைக்கவோ பயமுறுத்தவோதான் பயன்படுத்தியிருக்கின்றன. ‘நந்தலாலா’ மணியை வழித்துணையாக நம்மோடு நடக்க விடுகிறது. மகேஷ் முத்துசாமியின் கேமரா அவசரப்படாமல் தள்ளி நின்று பார்க்கிறது. நீண்ட நேரம் யாரும் பேசாத இடங்களில் இளையராஜாவின் இசை மட்டுமே கதையை எடுத்துச் செல்கிறது. வழியில் எதிர்ப்படுகிறவர்கள் சிலர் மிகையாக நடித்திருப்பது உண்மைதான். ஆனால் அறைவதற்கென்று ஓங்கிய கையோடு வந்த மணி, தன்னைப் போலவே மனம் சிதைந்து கிடக்கும் தாயை (ரோகிணி) கண்டுகொள்ளும் இடம் வந்ததும் அதெல்லாம் மறந்துபோகிறது.

படத்தை அதன்பின் நான்கைந்து முறை பார்த்துவிட்டேன். அப்பாவுக்கு மட்டும் இன்னும் போட்டுக் காட்டவில்லை. அந்தக் காட்சி ஓடும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியம் வரவில்லை.