குட்டி விமானத்தில் ஜிபிஎஸ் தாமதம்: சத்தம் போடுவது யார்?

வீடியோ படத்தின் மேல் விவரங்களைக் காட்டும் ஓஎஸ்டியின் மூலையில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் எண்ணிக்கை நான்கு, ஐந்து, மறுபடி நான்கு என்று ஊசலாடிக்கொண்டிருக்கும்வரை நான் விமானத்தைக் கையிலிருந்து எறிய மாட்டேன். பின்னால் எத்தனை பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தாலும் சரி. விமானத்தை இயக்கும் ஐநாவ் மென்பொருளில், என் அமைப்பில் குறைந்தது 6 இருந்தால் ஆர்ம் ஆகிவிடும், அதாவது மோட்டார் ஓடத் தயாராகிவிடும். நான் 10 வரும்வரை, இடக்கணக்கில் எவ்வளவு பிழை வரலாம் என்று சொல்லும் ஹெச்டாப் எண் 1.5-க்குக் கீழே இறங்கும்வரை நிற்பேன். ஆர்ம் செய்யும் அந்த நொடியில் விமானம் எந்த இடத்தை வீடு என்று குறித்துக்கொள்கிறதோ, சிக்னல் அறுந்தால் அங்கேதான் திரும்பி வரும். அரைகுறைக் கணக்கில் குறித்த வீடு உண்மையான இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கலாம். இங்கே தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நாட்டலில் அப்படித் தள்ளி இருப்பது பெரும்பாலும் கரும்புத் தோட்டமாகத்தான் இருக்கும். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்புக்குள் அரைக் கிலோ நுரை விமானம் விழுந்தால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. பாம்பு பயம் வேறு.

நான் இருப்பது டோங்காட். கிங் ஷாகா விமான நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. விமான நிலையங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இந்த மாதிரி எதையும் பறக்கவிடக் கூடாது என்பதால், ஆர்614 சாலையில் வார்ட்பர்க் பக்கம் ஏறிப் போய், ஒரு மாடல் விமான சங்கத்தின் புல்வெளியில்தான் பறக்கவிடுகிறோம். "றோம்" என்பது நானும் பக்கத்து வீட்டு அண்ணனும். அவர் இந்த மண்ணில் நாலாவது தலைமுறை. ரேடியோ பழுதுபார்ப்பதில் ஓய்வு பெற்றவர், அமெச்சூர் ரேடியோ உரிமமும் வைத்திருக்கிறார். விமானத்தின் கேமராப் படத்தைக் காட்டும் கண்ணாடியை நான் மாட்டிக்கொண்டால் வெறுங்கண்ணால் விமானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் அவர்தான்.

புரட்டாசி முழுக்க அவர் சனிக்கிழமை வரமாட்டார். விரதம், பூஜை, வீட்டில் கோவிந்தா போடுவது என்று இங்கே அந்த மாதம் மிகவும் கட்டுப்பாடானது. துணைக்கு ஆள் இல்லாமல் நான் எஃப்பிவி, அதாவது கண்ணாடியில் கேமராப் படத்தைப் பார்த்து, பறக்கவிடுவதில்லை, அதனால் விமானமும் அலமாரியில் கிடந்தது. அந்த இடைவெளியில் பழைய அனலாக் வீடியோவைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் வீடியோ யூனிட் ஒன்றை மாட்டினேன். தீபாவளிக்கு முன்பு மறுபடி மைதானத்துக்குப் போனபோது, முன்பு ஒரு நிமிடத்துக்குள் லாக் ஆன (செயற்கைக்கோள்களைப் பிடித்து இடத்தைக் கணித்த) ஜிபிஎஸ், பத்து நிமிடம் ஆகியும் திணறியது. "மாட்யூல் போச்சு, புதுசு வாங்கு" என்றார்கள் எல்லாரும். அண்ணன் மட்டும், "தம்பி, அது வானத்துல இல்ல, உன் ப்ளேனுக்குள்ளேயே இருக்கு" என்றார்.

இதைப் புரிந்துகொள்ள ஜிபிஎஸ் எப்படி லாக் ஆகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் கிட்டத்தட்ட 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் எல்1 சிக்னல் 1575.42 மெகாஹெர்ட்ஸில் தரைக்கு வரும்போது இயற்கையான மின் இரைச்சலைவிடப் பலவீனமாக இருக்கும். ரிசீவர் அதை இரைச்சலுக்கு அடியிலிருந்து தோண்டித்தான் எடுக்கிறது. எடுத்தாலும் போதாது. அந்தச் செயற்கைக்கோள் இப்போது சரியாக எங்கே இருக்கிறது என்ற விவரத்தை, எஃபிமெரிஸ் என்பார்கள், அதன் வாயாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அது நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில் வருகிறது. நமக்குத் தேவையான பகுதிக்கு 18 நொடி, 30 நொடிக்கு ஒருமுறை அதே செய்தி திரும்ப வரும். நடுவில் ஒரு பகுதி கெட்டுப்போனால், அடுத்த சுற்றில் அந்தப் பகுதி வரும்வரை காத்திருக்க வேண்டும். காவடி ஊர்வலத்தில் உறுமி மேளத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒருவர் காதோடு சொல்லும் முகவரியை எழுதிக்கொள்வது போன்ற வேலை.

அதனால்தான் திறந்த வெளியில் அரை நிமிடத்தில் முடிகிற காரியம், கொஞ்சம் இரைச்சல் சேர்ந்தால் ஒரு நிமிடமாக அல்ல, பத்து நிமிடமாக நீள்கிறது. ஒருமுறை பிடித்துவிட்ட செயற்கைக்கோளைத் தொடர்ந்து பிடித்துக்கொள்ள அதைவிடப் பலவீனமான சிக்னலே போதும். "பறக்கும்போது 14 காட்டுது, தரையில மட்டும்தான் தகராறு" என்று சொல்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். மாட்யூல் நன்றாகவே இருக்கிறது.

எனக்கு இரண்டு சந்தேகங்கள் இருந்தன. முதலாவது, மாட்யூலுக்குள் இருக்கும் காப்பு பேட்டரி. பல மாட்யூல்களில் ரீசார்ஜ் ஆகும் சின்ன பேட்டரியோ சூப்பர் கபாசிட்டரோ இருக்கும். மின்சாரத்தை எடுத்த பிறகும் நேரத்தையும் எஃபிமெரிஸையும் அது காப்பாற்றி வைக்கும். எஃபிமெரிஸ் சுமார் 4 மணி நேரத்துக்குச் செல்லும். அதற்குள் மறுபடி மின்சாரம் கொடுத்தால் சில நொடிகளில் லாக் ஆகிவிடும். ஒரு மாதம் அலமாரியில் கிடந்தால் அந்தக் காப்பு காலியாகி எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இதைச் சோதிப்பது எளிது. வீட்டு முற்றத்தில் வைத்து முழுசாக லாக் ஆகவிட்டு, ஒரு மணி நேரம் அப்படியே சார்ஜ் ஏறவிட்டு, மின்சாரத்தை எடுத்து ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கொடுத்தேன். சில நொடிகளில் லாக். ஆக காப்பு பேட்டரி நன்றாக இருக்கிறது, வெறும் பட்டினிதான்.

இரண்டாவது சந்தேகம், புது வீடியோ யூனிட்டின் இரைச்சல். பேட்டரிச் சோதனையை நான் யூஎஸ்பி மின்சாரத்தில் செய்தேன். அதில்தான் விஷயம் வெளியே வந்தது. விமானத்தின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் போர்டுகள் பலவற்றில் யூஎஸ்பி செருகினாலே ஜிபிஎஸ்ஸுக்கான 4.5 வோல்ட் இணைப்புப் புள்ளியில் மின்சாரம் வந்துவிடும். வீடியோ யூனிட்டுக்குப் பறக்கும் பேட்டரியைச் செருகினால்தான் வரும். அதாவது யூஎஸ்பியில் விமானம் அமைதியாக இருக்கிறது, பேட்டரியில் கத்துகிறது. இரண்டையும் ஒப்பிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். காசு செலவில்லாத சோதனை இது. புது மாட்யூலுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் எல்லோரும் தயவுசெய்து இதைச் செய்து பார்க்க வேண்டும்.

சரி, மீதிப் பாதிக்கு மடிக்கணினியில், ஜிபிஎஸ் மாட்யூல் என்ன கேட்கிறது என்று காட்டும் யூ-சென்டர் மென்பொருளைத் திறந்தேன். ஐநாவ், அதைப் போன்ற பீட்டாஃப்ளைட் மென்பொருள் இரண்டிலுமே கட்டளை வரியில் ஜிபிஎஸ் பாஸ்த்ரூ என்று ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால் ஃப்ளைட் கன்ட்ரோலர் ஒதுங்கி நின்று மாட்யூலை நேரடியாகக் கணினியோடு பேசவிடும். ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் ஒரு பட்டை தெரியும், அதன் உயரம்தான் சிக்னலின் வலிமை, டிபி-ஹெர்ட்ஸ் கணக்கில். நல்ல வானத்தில் பல பட்டைகள் 40-ஐத் தாண்டி நிற்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் புதிதாகச் செய்தியைப் படிப்பது கஷ்டம். புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டுப் பேட்டரியைச் செருகினேன். வீடியோ யூனிட் உயிர் பெற்ற மறு நொடி, 42-ல் நின்ற பட்டைகள் 31, 30 என்று உட்கார்ந்தன. ஏற்கனவே தாழ்வாக இருந்தவை காணாமலே போயின. பார்க்கவே வயிற்றைப் பிசைந்தது.

இதில் பலரும் தவறான ஆளைப் பிடிக்கிறார்கள். வீடியோ 5.8 கிகாஹெர்ட்ஸில் போகிறது, ஜிபிஎஸ் 1.5-ல் வருகிறது, இரண்டும் எங்கேயோ எங்கேயோ. ஒளிபரப்புச் சக்தியை 25 மில்லிவாட்டுக்கு இறக்கினேன். பட்டைகள் நகரவே இல்லை. கேமராவின் கேபிளைப் பிடுங்கினேன். உடனே எழுந்தன! படத்தைச் சுருக்கி அனுப்பும் அந்தச் சில்லுகளும் கேமராவிலிருந்து வரும் வேகமான தரவுக் கம்பியும் நினைத்த இடத்திலெல்லாம் துண்டு துண்டாக இரைச்சல் துப்புகின்றன, அதில் ஒரு பகுதி 1.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது. என் விமானத்தில் அந்தக் கம்பி ஜிபிஎஸ்ஸின் பீங்கான் ஆன்டெனாவுக்கு நேர் கீழே ஓடியது. மூக்குப் பகுதி அவ்வளவு குறுகல், வேறு வழி இருக்கவில்லை.

தீர்வு என்றால் முதலில் தூரம்தான். ஜிபிஎஸ்ஸை மூக்கிலிருந்து எடுத்து இடது இறக்கையில், உடலிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேல் பக்கம் பள்ளம் குடைந்து வைத்தேன். வாலில் வைத்திருந்தால் இன்னும் தூரம் கிடைத்திருக்கும், ஆனால் இவ்வளவு சின்ன விமானத்தில் வாலில் பத்து கிராம் ஏற்றினால் ஈர்ப்பு மையம் பின்னுக்குப் போய்விடும், அதைச் சரிக்கட்ட மூக்கில் எடை, அப்புறம் மொத்த எடை. இறக்கை போதும். நுரை சிக்னலை மறைக்காது. கார்பன் பட்டை மறைக்கும், ஆகவே பலத்துக்காக ஒட்டும் கார்பன் அதன் மேல் வரக் கூடாது. நாலு கம்பிகளையும் முறுக்கிவிட்டு, கேமரா கம்பியைச் செம்புப் படல டேப்பால் சுற்றி ஒரு முனையைக் கிரவுண்டில் சால்டர் செய்தோம். கிரவுண்டில் இணைக்காமல் டேப் சுற்றுவதால் பெரிய பயன் இருக்காது. சால்டர் வேலையைச் செய்தது அண்ணன். என் கை நடுங்கும் இடத்தில் அவர் கை நடுங்காது. பட்டைகள் 40-க்குத் திரும்பின.

இன்னொன்று, பூமியின் தென்பாதியில் இருப்பவர்களுக்கு மட்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் பாதை பூமத்திய ரேகைக்கு 55 பாகை சாய்ந்தது, துருவத்துக்கு நேர் மேலே அவை போவதே இல்லை. நாம் கிட்டத்தட்ட 30 பாகை தெற்கில் இருக்கிறோம். ஆகவே நம் தென்வானத்தில் ஒரு ஓட்டை, வடவானத்தில்தான் கூட்டம். வடக்குப் பக்கம் சுவரோ காரோ மரவரிசையோ இருந்தால் நமக்கு நஷ்டம் அதிகம். எங்கள் மைதானத்தில் யூகலிப்டஸ் தோப்பு வடக்கே இருக்கிறது. அதை ஒட்டிய நிழலில் மேசை போடுவதுதான் எல்லாருக்கும் வழக்கம். நான் வெயிலானாலும் தெற்கு ஓரத்தில் வைக்கிறேன்.

திருச்சியில் இருக்கும் நண்பன் அனுப்பிய அமைப்புக் கோப்பில் எஸ்பாஸ் என்ற இடத்தில் ககன் என்று இருந்தது. இந்தியாவின் திருத்தச் சேவை அது. அதன் செயற்கைக்கோள்களில் ஒன்று 55 பாகை கிழக்கில் நிற்பதால் டர்பனிலிருந்துகூடத் தெரியும். ஆனால் திருத்தங்கள் இந்திய வான்பரப்புக்காகக் கணக்கிட்டவை, நமக்கு உதவாது. அதை அணைத்துவிட்டு ஐரோப்பாவின் கலிலியோவையும் சீனாவின் பைடூவையும் திறந்துவிட்டேன். யூ-பிளாக்ஸ் நிறுவனத்தின் எட்டாம் தலைமுறை ஜிபிஎஸ் சில்லு ஒரே நேரத்தில் மூன்று அமைப்புகளைக் கேட்கும், பத்தாம் தலைமுறை நான்கு. எண்ணிக்கை கூடுவது கண்ணுக்கே தெரியும்.

இப்போது மைதானத்தில் இறங்கியதும் முதல் வேலை, பவர் பேங்கை யூஎஸ்பியில் செருகி விமானத்தைப் புல்லில் வைப்பது. வீடியோ யூனிட் உறங்குகிறது, காற்றோட்டம் இல்லாமல் சூடேறுவதும் இல்லை. நாங்கள் இறக்கையைப் பூட்டி, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றுவதற்குள் லாக் ஆகிவிடுகிறது. அப்புறம் பேட்டரியைச் செருகிவிட்டு, அதன் பிறகே யூஎஸ்பியை எடுக்கிறேன். இந்த வரிசையில் செய்தால் ஜிபிஎஸ்ஸுக்கு மின்சாரம் இடையில் அறுவதே இல்லை.

அடுத்து அண்ணனின் விமானம். அவர் வீடியோ 1.3 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போகிறது, அது ஜிபிஎஸ்ஸுக்கு ரொம்பப் பக்கம். சக்தியைக் கூட்டினால் எண்ணிக்கை பூஜ்யத்துக்கே விழுகிறது. அவரிடம் தூரமும் செம்பும் மட்டும் போதாது. டிரான்ஸ்மிட்டர் வாயில் உயர் அலைவரிசைகளை வெட்டும் ஒரு லோ-பாஸ் ஃபில்டர், ஜிபிஎஸ் பக்கம் தன் அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் சா ஃபில்டர் உள்ள மாட்யூல், இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் போகிறோம். ஃபில்டரை அவரே செய்வதாகச் சொல்லியிருக்கிறார். யூ-சென்டர் பட்டைகளை முன்னும் பின்னும் படம் எடுத்துப் போடுகிறேன்.