கிணற்றிலும் பாலிலும் நோயாளியிலும் இருப்பது ஒரே லிஸ்டீரியாவா?

எங்கள் ஒழுங்கையிலுள்ள மாமி ஒருவர், மருமகள் கர்ப்பமாக இருப்பதால், கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். கோலிபோம் என்னும் பற்றீரியாக்கள் இல்லை என்று எழுதியிருப்பதால், கர்ப்பிணிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்தான லிஸ்டீரியா என்னும் பற்றீரியாவும் இராதுதானே என்பது அவருடைய கேள்வி. மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள் இருக்கின்ற, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்கூடாக அழுக்கு விரைவில் இறங்கிவிடுகின்ற யாழ்ப்பாணத்தில் கோலிபோம் சோதனை அவசியமானதுதான். ஆனால் அது மலக்கழிவு கலந்திருக்கிறதா என்பதையே காட்டும். மண்ணிலும் அழுகிய இலைகுழைகளிலும் சாணத்திலும் வாழும் லிஸ்டீரியாவைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

மனிதருக்கு நோயை உண்டாக்கும் லிஸ்டீரியா மொனோசைட்டோஜீன்ஸ் என்னும் இனம், 1926 இல் கேம்பிரிட்ஜில் நோயுற்ற ஆய்வுகூட முயல்களிலிருந்து விவரிக்கப்பட்டது. 4 பாகை செல்சியஸிலும் அது மெதுவாகப் பெருகும். ஆகவே, கொதிக்கவைத்த பாலில் பிறகு அது தொற்றிவிட்டால் குளிர்சாதனப் பெட்டி காப்பாற்றாது.

எங்கள் ஆய்வுகூடத்தில் நீரென்றால் மென்சவ்வு வடிகட்டியினூடாகச் செலுத்தி, வடியில் தங்கியதை எடுக்கிறோம். பாலென்றால் 25 மில்லிலீற்றரை 225 மில்லிலீற்றர் லிஸ்டீரியாவைப் பெருக்கும் அரைச்செறிவு பிரேசர் ஊடகத்தில் இட்டு, 30 பாகையில் ஒரு நாள் வைத்து, பின்னர் முழுச்செறிவு ஊடகத்துக்கு மாற்றி 37 பாகையில் வளர்க்கிறோம். லிஸ்டீரியா அதிலுள்ள எஸ்குலின் என்னும் பொருளைச் சிதைப்பதால் ஊடகம் கறுக்கும். கறுத்த குழாயைக் கண்டதும் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்வது புதியவர்களின் தவறு, நானும் செய்திருக்கிறேன். தீங்கற்ற லிஸ்டீரியா இன்னோக்குவாவும் அவ்வாறே கறுக்கச் செய்யும். அதுமட்டுமன்றி, இந்த ஊடகத்தில் அது மொனோசைட்டோஜீன்ஸை முந்தி வளர்ந்து மறைத்தும் விடும். பற்றீரியா நிறத்தோடு வளரும் திண்ம ஊடகமான நிறந்தரும் அகாரில் நீலப்பச்சைக் கொலனியைச் சுற்றி ஒளிபுகா வளையம் தெரிந்தாலும், ஆடுமாடுகளைத் தாக்கும் லிஸ்டீரியா ஐவனோவியையாகவும் அது இருக்கலாம். றம்னோஸ் என்னும் வெல்லத்தை நொதிக்கச்செய்து சைலோஸ் என்னும் வெல்லத்தை விட்டுவிட்டால்தான் மொனோசைட்டோஜீன்ஸ் என்று எழுதத் துணிவு வருகிறது.

நோயாளியிடம் தேடவேண்டிய இடம் மலம் அன்று. குருதியும் முள்ளந்தண்டிலிருந்து எடுக்கும் நீரும், பிரசவமென்றால் நச்சுக்கொடியும் ஆகும். நுணுக்குக்காட்டியில் அதன் குறுங்கோல்களைத் தோலிலிருந்து கலந்த மாசென்று ஒதுக்கிவிடும் அபாயம் உண்டு. 25 பாகையில் அது குட்டிக்கரணமிட்டு அசையும், 37 இல் அசையாது. சித்திரை மாதத்து யாழ்ப்பாணத்தில் அறை வெப்பநிலையே 25 என்று நம்பி இச்சோதனையைச் செய்யக்கூடாது.

இவ்வளவும் பெயரை மட்டுமே தரும். மூன்று இடத்திலும் ஒரே பெயர் வந்ததனால் ஒன்றிலிருந்துதான் மற்றதற்கு வந்தது என்று ஆகிவிடாது. மனித நோயில் பெரும்பகுதியை 1/2ஏ, 1/2பி, 4பி என்னும் மூன்று சீரவகைகளே (மேற்பரப்புப் பொருட்களைக்கொண்டு பிரிக்கும் உட்பிரிவுகள்) உண்டாக்குவதால், பாலிலும் நோயாளியிலும் 4பி இருப்பது பெரிய சான்றன்று. முழு மரபணுத்தொகுதியையும் வாசித்து ஒப்பிடும்போதே உறவு தெளிகிறது. தென்னாபிரிக்காவில் 2017, 2018 இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தபோது, நோயாளிகள் பெரும்பாலானோரிடம் எஸ்.டி. 6 என்னும் ஒரே மரபணு வகையே இருந்தமை தெரிந்து, பதப்படுத்திய இறைச்சித் தொழிற்சாலை ஒன்றுவரை தேடல் சென்றது அவ்வாறுதான். உண்ட நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் இடையே 70 நாட்கள்வரை செல்லக்கூடும் என்பதால் நோயாளியின் ஞாபகத்தை நம்பி இதனைச் செய்ய இயலாது. பாலில் கிடைத்ததை உறைநிலையில் சேமிக்காமல் கழுவி ஊற்றிவிடும் ஆய்வுகூடத்தில், இரண்டு மாதத்தின் பின் நோயாளியிடமிருந்து வருவதை எதனோடும் ஒப்பிட முடியாது.